உறையில் வந்த காய்ச்சல்

என் தங்கைக்குக் காய்ச்சல் வந்தபோது அவளுக்கு ஏழு வயது, எனக்குப் பத்து. ஐம்பத்தேழோ ஐம்பத்தெட்டோ, சரியாக நினைவில்லை. மாசிப்பனி விழுந்துகொண்டிருந்த காலம் என்பது மட்டும் தெரியும். எங்கள் வீடு யாழ்ப்பாணத்துத் தீவுப்பகுதியில், நாரந்தனையில் வயல்வெளி தொடங்கும் இடத்தில் இருந்தது. ஐயா தெற்கே ஒரு கடையில் வேலைக்கு நின்றார். பொங்கலுக்கும் கோயில் திருவிழாவுக்கும்தான் வருவார். வீட்டில் அம்மா, நான், தங்கை. வேலிக்கு அந்தப் பக்கம் ஐயாவின் தமக்கை, எங்கள் மாமி.

பள்ளிக்கூடத்தால் வரும் வழியிலேயே தங்கை தலையிடிக்குது என்றாள். வெயில் கண்ணைக் குத்துகிறது என்று கண்ணை இறுக மூடிக்கொண்டு, என் கையைப் பிடித்தபடி நடந்தாள். வீட்டுக்கு வந்ததும் சாப்பிட்டதையெல்லாம் சத்தி எடுத்தாள். இருட்டுவதற்குள் உடம்பு கொதித்தது. அடுத்த நாள் காலையில் அம்மா அவளுடைய பாவாடையை மாற்றும்போது காலிலும் தொடையிலும் சிவப்பும் ஊதாவுமாகச் சில புள்ளிகளைக் கண்டார். மாமியைக் கூப்பிட்டார்.

"அம்மாள் போட்டிருக்கு," என்றார் மாமி. "மருந்து ஒண்டும் குடுக்காதையும். வேப்பிலையை விரிச்சுக் கிடத்தும். ஆஸ்பத்திரி எண்டு வெளிக்கிட்டுப் போடாதையும்."

அம்மை வருத்தம் வந்தால் அந்த நாளில் எல்லா வீட்டிலும் அப்படித்தான். கதவைச் சாத்தி, வேலி வாசல் படலையில் வேப்பிலை கட்டி, தாளிதம் இல்லாமல் சமைத்து, அம்மாள் தானாக இறங்கும்வரை காத்திருப்போம். இருட்டு அறை தங்கைக்கும் வேண்டியிருந்தது. வெளிச்சம் பட்டால் அழுதாள். வேப்பிலையின் மேல் சுருண்டு, சுவரைப் பார்த்தபடி கிடந்தாள். நான் கதவு நீக்கலால் எட்டிப் பார்த்தால் மாமி கையைக் காட்டிப் போகச் சொல்வார்.

அதற்கு அடுத்த நாள் பின்னேரம் அம்மா அவளுக்கு இளநீர் பருக்கப் போனார். தலைக்குப் பின்னால் கையைக் கொடுத்துத் தூக்கினார். கழுத்து மடங்கவில்லை. தலையோடு சேர்ந்து முதுகும் இடுப்பும் பலகை மாதிரி ஒரே துண்டாக எழும்பின. தங்கை கத்திய கத்தில் நான் முற்றத்திலிருந்து ஓடி வந்தேன். அம்மா இளநீர்ச் செம்பைக் கீழே வைத்துவிட்டு, அலுமாரியிலிருந்து ஒரு சேலையை எடுத்துப் பிள்ளையைச் சுற்றினார்.

"மச்சாள், இது அம்மாள் இல்லை. நான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறன்."

மாமி வாசலில் வந்து நின்றார். "அம்மாள் போட்ட பிள்ளையைப் படலை தாண்டிக் கொண்டு போகேலாது. அவ கோவிச்சால் பிறகு என்னைக் கேளாதையும்."

"அவ கோவிச்சால் என்னோட கோவிக்கட்டும்," என்றார் அம்மா. அவ்வளவுதான். மாமியைத் தோளால் விலக்கிக்கொண்டு போய்விட்டார். அம்மா மாமியை எதிர்த்துப் பேசியதை நான் அதற்கு முன்னர் கண்டதில்லை.

சந்தியில் நின்ற வாடகைக் கார் ஒன்றில் ஊர்காவற்றுறை ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார். அங்கே டொக்டர் பிள்ளையின் கழுத்தை மெல்ல மடக்கிப் பார்த்தார், காலை மடக்கி நீட்டிப் பார்த்தார், பிறகு நேர்ஸிடம் இங்கிலீசில் ஒரு சொல் சொன்னார். அம்மாவுக்கு விளங்கவில்லை. நேர்ஸ் அம்மாவின் பக்கம் திரும்பி, "மூளைக்காய்ச்சல் அம்மா. உடன யாழ்ப்பாணம் அனுப்ப வேணும்," என்றார். அவர் இரக்கத்தோடுதான் சொன்னார். அம்மா என்னிடம் இதைச் சொல்லும்போதெல்லாம் அந்த நேர்ஸ் தன் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னதாகத்தான் சொல்வார். ஆனாலும் டொக்டர் சொன்ன சொல்லுக்கும் நேர்ஸ் சொன்ன சொல்லுக்கும் நடுவில் ஒரு துண்டு விழுந்துபோயிற்று. அது விழுந்தது அப்போது யாருக்கும் தெரியாது.

அம்புலன்சில் பண்ணைப் பாலத்தால் யாழ்ப்பாணம் கொண்டு போனார்கள். முள்ளந்தண்டில் ஊசி குத்தித் தண்ணீர் எடுத்தார்கள். அம்மாவை வெளியே நிற்கச் சொல்லியிருக்கிறார்கள். பிறகு ஒரு சின்னப் போத்தலைக் கொண்டு போனதை அம்மா கண்டார். தெளிந்த தண்ணீர் மாதிரி இருக்க வேண்டியது, அரிசி கழுவின தண்ணீர் மாதிரிக் கலங்கி இருந்ததாம்.

தந்தி கிடைத்து ஐயா ரயிலேறி வந்தார். அவரோடு நான் ஆஸ்பத்திரிக்குப் போனபோது காய்ச்சல் அன்றைக்குத்தான் விட்டிருந்தது. தங்கை தலையணையில் சாய்ந்து இருந்தாள். முடியை ஒட்ட வெட்டியிருந்தார்கள். அவளுடைய கண் என்னைக் கண்டு சிரித்தது. நான் ஓடிப்போய்க் கட்டிலில் ஏறி, பள்ளிக்கூடத்துக் கதை, பூனை குட்டி போட்ட கதை எல்லாம் சொன்னேன். அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஐயா அவளுடைய தலையைத் தடவி ஏதோ கேட்டார். அம்மா தோடம்பழம் உரித்துக்கொண்டே, "அக்கா வந்திருக்கிறா, கதையன்," என்றார்.

தங்கை எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு மிகவும் உரத்த குரலில், வார்டு முழுக்கத் திரும்பிப் பார்க்கும்படி கேட்டாள்.

"அம்மா, ஏன் எல்லாரும் வாயை மட்டும் ஆட்டுறியள்? சத்தம் போட்டுக் கதையுங்கோவன்."

அம்மாவின் கையிலிருந்த தோடம்பழம் மடியில் விழுந்தது. ஐயா எழும்பி யன்னலடிக்குப் போய் நின்றார். நான் இன்னும் கொஞ்சம் உரத்து, அவளுடைய காதுக்குள்ளேயே பூனைக் கதையைத் திரும்பச் சொன்னேன். என் மூச்சு காதில் கூசியதால் அவள் சிரித்தாள்.

உயிர் தப்பியதே பெரிய காரியம் என்று டொக்டர் சொன்னாராம். அது உண்மைதான். ஆனால் ஊரில் தப்பின உயிரைப் பற்றி யாரும் பேசவில்லை. மாமி வீடுவீடாகச் சொன்னார். "அம்மாளைக் கோவிக்கப் பண்ணிக் கொண்டு போனவள். அவ காதைப் பறிச்சுப்போட்டா." அது ஒரு பக்கம். மற்றப் பக்கம், நேர்ஸ் சொன்ன சொல் எங்களுக்கு முன்னரே ஊருக்கு வந்து சேர்ந்திருந்தது. மூளைக்காய்ச்சல். காய்ச்சல் போய்விட்டது, மூளை மட்டும் நின்றது. அந்த வீட்டுச் சின்னப் பெட்டைக்கு மூளையில வருத்தம் என்றார்கள். தன் குரலே கேட்காமல் அவள் உரத்துக் கத்திக் கதைத்ததும், கூப்பிட்டால் திரும்பாததும், யாராவது சிரித்தால் தன்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்களோ என்று கல்லெடுத்ததும் அதற்குச் சாட்சியாகப் போயின.

சித்திரை விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் தொடங்கியபோது அம்மா அவளுக்கு வெள்ளைச் சட்டை போட்டு, என்னோடு கூட்டிக்கொண்டு வந்தார். தலைமையாசிரியர் நல்ல மனிதர். கதிரை போட்டு அம்மாவை இருக்கச் சொன்னார்.

"மூளைக்காய்ச்சல் வந்த பிள்ளை அம்மா. படிப்பு ஏறாது. மற்றப் பிள்ளையளுக்கும் இடைஞ்சல். கொஞ்சம் தேறட்டும், பிறகு பாப்பம்."

"காது மட்டும்தான் கேக்காது சேர். மற்றதெல்லாம் விளங்குது."

"ஓம், தாய்க்கு அப்பிடித்தான் தெரியும்," என்றார் அவர். அம்மா எழும்பினார். தங்கைக்கு என்ன நடந்தது என்று விளங்கவில்லை. வகுப்பில் தன்னுடைய பழைய வாங்குப்பலகையைக் காட்டி, "அங்க நான் இருக்கிறனான்," என்று கத்தினாள். அம்மா அவளைத் தூக்கிக்கொண்டு போனார். ஏழு வயதுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அந்த மணல் ஒழுங்கையால் அவர் நடந்து போனதை நான் வகுப்பு யன்னலால் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதன் பிறகு வந்த வருடங்களைப் பற்றி எழுத எனக்கு விருப்பமில்லை. ஆனால் எழுதாமல் விட்டால் மற்றது விளங்காது. தங்கையிடம் பேச்சு இருந்தது. ஏழு வயதுவரை நன்றாகக் கதைத்த பிள்ளை. அந்தப் பேச்சு எங்கள் கண்முன்னாலேயே ஒவ்வொன்றாக உதிர்ந்தது. முதலில் சொற்களின் கடைசி எழுத்துகள் போயின. பிறகு ழகரமும் றகரமும் போயின. "கிணத்தடி" என்றவள் "கிணத்த" என்றாள், பிறகு "கி" என்று சொல்லிக் கையைக் காட்டினாள். கேட்காத சொல்லை நாக்கு எவ்வளவு காலம் நினைவில் வைத்திருக்கும்? நான் பின்னேரங்களில் அவளை முன்னால் இருத்தி என் வாயைப் பார்க்கச் செய்து சொல்லிக் கொடுத்தேன். கொஞ்ச நேரம் செய்வாள், பிறகு களைத்து எழும்பிப் போய்விடுவாள். பன்னிரண்டு வயதில் அவளிடம் அம்மா, அக்கா, தண்ணி, வா, இல்லை என்று விரல் விட்டு எண்ணக்கூடிய சொற்கள்தான் இருந்தன. அவற்றையும் வெளியாட்களுக்கு முன்னால் சொல்ல மாட்டாள். சொன்னால் அவர்கள் முகம் மாறுவதைக் கண்டிருந்தாள்.

அம்மா ஒவ்வொரு வருடமும் குறிகாட்டுவானுக்குப் போய் வள்ளம் ஏறி, நயினாதீவு அம்மனிடம் அவளைக் கொண்டு போனார். கோயிலில் மற்றவர்கள் மாதிரி அவர் உரத்து வேண்டியதை நான் கேட்டதில்லை. ஒருமுறை திரும்பி வரும்போது, வள்ளத்தில் என் பக்கத்தில் இருந்துகொண்டு தன்பாட்டில் சொன்னார். "கோவமெண்டால் எனக்கெல்லோ தந்திருக்க வேணும். நான்தானே படலையைத் தாண்டினனான்."

அம்மாவும் மாமியின் கதையை நம்பியிருந்தார் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

உயர்தர வகுப்புக்கு நான் யாழ்ப்பாணத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் விடுதியில் தங்கிப் படித்தேன். தமிழில் விஞ்ஞானம் படித்த முதல் வகுப்புகளில் எங்களுடையதும் ஒன்று. எங்களுக்கு விலங்கியல் படிப்பித்தவர் இங்கிலீசில் படித்து வந்தவர். கொழும்பிலிருந்து வந்த கலைச்சொற்களை எங்களோடு சேர்ந்து அவரும் முதல்முறையாக வாசித்துக்கொண்டிருந்தார். சில சொற்களில் தடக்கி நின்று, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத் திரும்பவும் வாசிப்பார்.

ஒருநாள் சந்தையிலிருந்து ஆட்டுத் தலை ஒன்று வாங்கி வந்து மண்டையோட்டைத் திறந்து காட்டினார். மூளையைக் காண்போம் என்று எட்டிப் பார்த்தால், அதற்கு மேல் தடித்த, வெள்ளைத் தோல் மாதிரி ஒன்று போர்த்தியிருந்தது. அதைக் கிடுக்கியால் பிடித்துத் தூக்கினார்.

"இது டியூரா மேற்றர். தமிழில வன்றாயி எண்டு போட்டிருக்கினம். வன் தாயி, வன்றாயி." பிறகு அதற்குக் கீழே, மூளையின் மடிப்புகளுக்குள் எல்லாம் ஒட்டிக்கொண்டு இறங்கியிருந்த, கண்ணுக்கே தெரியாத மெல்லிய சவ்வை ஊசி முனையால் எடுத்தார். "இது பையா மேற்றர். மென் தாயி. மென்றாயி."

பெண்கள் சிரித்துவிட்டோம். சோற்றை மென்றாயா என்று கேட்பது மாதிரி இருந்தது. அவரும் சிரித்தார். "நான் என்ன பிள்ளையள் செய்யிறது. மேற்றர் எண்டால் லத்தீனில தாய். அரபுக்காரர்தான் முதல்ல தாய் எண்டு பேர் வைச்சதாம், லத்தீன்காரர் அதை மொழிபெயர்த்தினம். நடுவில இருக்கிறது சிலந்தியுரு. மூண்டும் சேர்ந்ததுதான் மூளையுறை. இந்த உறைக்குள்ள கிருமி போனால் வாற வருத்தம் மெனிஞ்சைற்றிஸ், மூளையுறையழற்சி. சனம் மூளைக்காய்ச்சல் எண்டு சொல்லுற சாமான் இதுதான். ஆனால் அது மூளையில வாறதில்லை. உறையில வாறது."

மற்றவர்கள் எழுதிக்கொண்டிருந்தார்கள். நான் பேனையை வைத்தேன். எழும்பி நின்றேன்.

"சேர், அந்த வருத்தம் வந்தால் காது கேளாமல் போகுமோ?"

"போகலாம். காது நரம்பு அந்த உறையால வெளியில போறது. கிருமி அதுவழியாக உட்காதுக்கும் போயிடும்."

"மூளை பழுதாகுமோ?"

"சில பேருக்கு அதுவும் நடக்கிறதுதான். ஆனால் கனபேருக்குக் காதோட நிண்டுபோம்." அவர் என்னைப் பார்த்தார். "அது ஆருக்கு வந்தது, பிள்ளை?"

"தங்கச்சிக்கு."

வகுப்பு முடிந்த பிறகு அவர் என்னை மறித்து விபரமெல்லாம் கேட்டார். காலில் ஊதாப் புள்ளிகள் வந்ததைச் சொன்னேன். அதுவும் அதே கிருமியால் வருவதுதான், அம்மாளுக்கும் அதற்கும் ஒரு தொடர்பும் இல்லை என்றார். அவள் எந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போகிறாள் என்று கேட்டார். போவதில்லை என்றேன். அவர் திரும்பவும் கண்ணாடியைக் கழற்றினார். யாழ்ப்பாணத்துக்கு வெளியே காது கேளாத பிள்ளைகளுக்கென்று ஒரு பள்ளிக்கூடம் இருப்பதை அவர் சொல்லித்தான் நான் முதன்முதலில் அறிந்தேன்.

அந்த வெள்ளிக்கிழமை பஸ்ஸில் வீட்டுக்குப் போனேன். அம்மா குசினியில் மா அரித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் குந்தியிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் அரிதட்டை ஆட்டுவதை நிறுத்தவில்லை. நான் சொல்லி முடித்த பிறகு கேட்டார்.

"உறை எண்டால்? தலகணி உறை மாதிரியோ?"

"ஓம் அம்மா. அப்பிடித்தான். ஆனால் மூண்டு உறை."

"அப்ப அழுக்குப் பட்டது உறையில. பஞ்சில இல்லை."

"ஓம்."

"அந்தப் புள்ளி?"

"அதுவும் கிருமியாலதான். அது அம்மாள் இல்லை."

அரிதட்டு நின்றது. மாப் படிந்த கையால் முகத்தைத் துடைக்கப் போனவர், கையைப் பார்த்துவிட்டு முழங்கையால் துடைத்தார். "அந்த உறைக்கு என்ன பேர் எண்டு சொன்னனீ?"

சொன்னேன். வன்றாயி, மென்றாயி. பெயரின் அர்த்தத்தையும் சொன்னேன்.

"தாய் எண்டோ பேர் வைச்சிருக்கினம்," என்றார். அரிதட்டின் ஓரத்தில் ஒட்டிய மாவை விரலால் தட்டிவிட்டார். "காவல் நிண்டதுக்குத்தான் வருத்தம் வந்தது அப்ப." பிறகு அரிக்கத் தொடங்கினார்.

அடுத்த நாள் காலையில் முதல் வேலையாக வேலிப் பொட்டுக்குள்ளால் மாமி வீட்டுக்குப் போனார். என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. மாமியின் குரல்தான் கேட்டது. "படிச்ச பெட்டை ஒண்டைச் சொன்னால் அம்மாள் இல்லாமல் போயிடுவாவோ?" அம்மா திரும்பி வந்து தண்ணீர் குடித்துவிட்டு, பழைய தலைமையாசிரியர் வீட்டுக்குப் போனார். பிறகு வந்த வருடங்களில் கடையில், கோயில் வீதியில், செத்த வீட்டில், யார் தங்கையைப் பற்றி மூளைக்காய்ச்சல் என்று சொன்னாலும் அம்மா மறித்துத் திருத்துவார். "மூளைக்காய்ச்சல் இல்லை. மூளையுறைக் காய்ச்சல். தலகணி உறையில அழுக்குப் பட்டால் பஞ்சு என்ன செய்யும்?" கேட்கிறவர்கள் தலையாட்டுவார்கள். சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரிப்பார்கள். மாமி சாகும்வரை நம்பவில்லை.

ஐயா வந்து நின்ற நேரமாகப் பார்த்துத் தங்கையை அந்தப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டு போனோம். பொறுப்பாக இருந்த அம்மையார் அவளைத் தனியாக இருத்தி, படங்களைக் காட்டியும் மரக்கட்டைகளை அடுக்கச் சொல்லியும் சோதித்தார். நாங்கள் வெளியே வாங்கில் இருந்தோம். அவர் சிரித்துக்கொண்டு வந்தார்.

"கெட்டிக்காரப் பிள்ளை. மூளையில ஒரு குறையும் இல்லை."

அம்மா ஐயாவைப் பார்த்தார். ஐயா நிலத்தைப் பார்த்தார்.

"ஆனால் பேச்சுத் திரும்ப வராது," என்றார் அந்த அம்மையார். "வருத்தம் வந்த உடன கொண்டு வந்திருந்தால் இருந்த பேச்சைக் காப்பாத்தியிருக்கலாம். ஆரும் உங்களுக்குச் சொல்லேல்லையோ?"

"மூளை எண்டுதான் சொன்னவை," என்றார் அம்மா.

தங்கைக்கு அப்போது பதின்மூன்று முடிந்து பதினாலு நடந்தது. ஐந்து வயதுப் பிள்ளைகளோடு சின்னக் கதிரையில், முழங்கால் மேசையில் முட்ட இருத்தி அவளுக்கு அகரம் தொடங்கினார்கள். முதல் தவணை முழுக்க அழுதாள் என்றார்கள். இரண்டாம் தவணை விடுமுறைக்கு வந்தபோது அவளுடைய கைகள் கதைத்தன. அவ்வளவு வேகமாக, அவ்வளவு சந்தோசமாக. எங்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. நான் மெல்ல மெல்லப் பழகினேன். அம்மா பழகவில்லை. ஏலாது என்று சொல்லவில்லை, பழகவில்லை, அவ்வளவுதான். அவளுக்கு முன்னால் நின்று, கேட்கிற பிள்ளையோடு கதைப்பது மாதிரியே வாயால் கதைத்துக்கொண்டிருப்பார். தங்கை அம்மாவின் வாயைப் பார்த்து எல்லாவற்றையும் பிடித்துக்கொள்வாள். பதில் சொல்வதற்குத்தான் அவளுக்கு வழியில்லை. கையால் சொன்னால் அம்மா பார்வையை வேறெங்கோ வைத்துக்கொள்வார்.

அங்கே அவள் தையல் பழகினாள். பத்தொன்பது வயதில் ஊருக்குத் திரும்பி வந்து, வீட்டு விறாந்தையில் மெசின் போட்டுச் சட்டை தைத்தாள். வெட்டு நேராக இருக்கும் என்று ஊர்ப் பெண்கள் அவளிடம்தான் கொண்டு வந்தார்கள். அப்போதும் துணியை அம்மாவிடம்தான் கொடுப்பார்கள். அளவையும் அம்மாவிடம்தான் சொல்வார்கள்.

நான் ஆசிரியை ஆகி, மலைநாட்டில் சில வருடங்கள் படிப்பித்துவிட்டு யாழ்ப்பாணத்துக்கு மாற்றலாகி வந்தேன். எனக்கும் ஒரு சம்பந்தம் வந்து, வீட்டில் மூளை வருத்தம் என்று கேள்விப்பட்டு நின்றுபோயிற்று. அதற்காக நான் பெரிதாகக் கவலைப்படவில்லை. தங்கைக்கு வந்ததுதான் என்னை வருத்தியது.

அவளோடு அந்தப் பள்ளிக்கூடத்தில் படித்த பொடியன் ஒருவன், பிறவியிலேயே காது கேளாதவன், யாழ்ப்பாணத்தில் ஒரு தையல்கடையில் வேலை செய்தான். ஊசி நூல் வாங்க அவள் என்னோடு பட்டணத்துக்கு வரும்போது இரண்டு பேரும் கடை வாசலில் நின்று கையால் கதைப்பார்கள். அவள் சிரிக்கும்போது தொண்டைக்குள்ளிருந்து ஒரு சத்தம் வரும். வீட்டில் அந்தச் சத்தத்தை அவள் அடக்கி வைத்திருந்தாள் என்பது எனக்கு அங்கேதான் தெரிந்தது. பஸ்ஸில் திரும்பி வரும்போது தனக்கு அவனைக் கட்ட விருப்பம் என்று கையால் எனக்குச் சொன்னாள். சொல்லிவிட்டுக் கைகள் இரண்டையும் தொடைக்குக் கீழே ஒளித்துக்கொண்டாள்.

அம்மாவிடம் சொன்னேன். அம்மா மறுக்கவில்லை. பொடியனின் தாயை எங்கள் வீட்டுக்கு வரச் சொன்னோம். மனிசி நல்லவர், பொறுமையானவர். தங்கை சேலை உடுத்து, தேத்தண்ணி கொண்டு வந்து வைத்துவிட்டு, எல்லாருடைய வாயும் தெரியும் இடமாகப் பார்த்துக் கதவடியில் நின்றாள்.

"பிள்ளைக்கு எப்பிடிக் கேளாமல் போனது?" என்று அந்த மனிசி கேட்டார்.

அம்மா முழுக்கச் சொன்னார். உறையையும் சொன்னார், பஞ்சையும் சொன்னார். அத்தனை வருடமாகச் சொல்லிச் சொல்லி அந்தக் கதை அவருடைய வாயில் பாடமாகியிருந்தது. மனிசி முன்னுக்குச் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

"எனக்கு விளங்குது அக்கா," என்றார் முடிவில். "ஆனால் உறையெண்டாலும் பஞ்செண்டாலும் நடந்தது தலைக்குள்ள தானே. என்ர பிள்ளைக்குப் பிறவியில வந்தது, அது கடவுள் விட்ட வழி. இது இடையில வந்தது. இனியொருக்கா வராதெண்டு ஆர் சொல்லுவினம்?"

"அது திரும்பி வாற வருத்தம் இல்லை," என்றேன் நான். ஆசிரியை மாதிரித்தான் சொன்னேன் போல. மனிசி எனக்குச் சிரித்துவிட்டுத் தேத்தண்ணியைக் கையில் எடுத்தார். பாதி குடித்து வைத்தார். அந்தப் பாதிக் கோப்பையிலேயே எனக்குப் பதில் தெரிந்துவிட்டது.

அவர் படலையைத் தாண்டும் வரைக்கும் தங்கை அசையாமல் நின்றாள். பிறகு வந்து கோப்பைகளை எடுத்துக்கொண்டு போனாள். அம்மா அவளைப் பின்னால் கூப்பிட்டார். கேட்காது என்று தெரிந்தும் திரும்பத் திரும்பப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். அந்தப் பொடியனுக்கு அடுத்த வருடம் காது கேட்கக்கூடிய ஒரு பெண்ணையே கட்டி வைத்தார்கள்.

அதற்குப் பிறகு அம்மா அந்தக் கதையை யாருக்கும் சொல்லவில்லை. ஊரில் மூளைக்காய்ச்சல் என்று யாராவது சொன்னால் கேட்டுக்கொண்டு போய்விடுவார். நான் மட்டும் வருடாவருடம் வகுப்பில் வன்றாயியும் மென்றாயியும் படிப்பித்தேன். மென்றாயி என்றதும் பெண்கள் சிரிப்பார்கள். சிரித்து முடியட்டும் என்று சுண்ணக்கட்டியோடு நிற்பேன். பிறகு, உறை வேறு, மூளை வேறு, இதை மறக்காதையுங்கோ என்று சொல்வேன். சோதனைக்கு வரும் என்று நினைத்து அடியில் கோடு போடுவார்கள்.

எழுபதுகளின் கடைசியில் ஐயா காலமானார். கொஞ்சக் காலத்தில் அம்மாவுக்கு நெஞ்சு வருத்தம் வந்து, நடந்தால் மூச்சு வாங்கத் தொடங்கியது. யாழ்ப்பாணத்துக்கு என்னோடு வரச் சொன்னேன். வரவில்லை. தங்கைதான் பார்த்தாள். கூப்பிட்டால் அவளுக்குக் கேட்காது. அதற்கு அம்மா ஒரு வழி கண்டுபிடித்தார். மெசின் இருந்த விறாந்தைக்கும் தன் கட்டிலுக்கும் இடையில் ஒரு சணல் கயிறு. ஒரு நுனி அம்மாவின் கட்டில் சட்டத்தில், மற்ற நுனி தங்கையின் இடக்கையில். தண்ணீர் வேண்டுமென்றால் அம்மா இழுப்பார். சனிக்கிழமைகளில் நான் போகும்போது அவளுடைய மணிக்கட்டில் கயிறு அறுத்த கோடு தெரியும். கயிற்றில் துணி சுற்றச் சொன்னேன். சுற்றினால் மெல்லிய இழுவை தெரியாது என்று கையால் சொன்னாள்.

அம்மா போனது ஒரு முற்பகலில். நான் வகுப்பில் இருந்தேன். பின்னேரம் வந்து சேர்ந்தபோது வீடு நிறையச் சனம். தங்கை அம்மாவின் கால்மாட்டில் இருந்தாள். என்னைக் கண்டதும் எழும்பி வந்து, நடந்ததைக் கையால் சொன்னாள். ஒரு சட்டைக்குக் கை பொருத்திக்கொண்டிருந்தாளாம். கன நேரமாகக் கயிறு இழுபடவில்லை. அம்மா நித்திரை என்று நினைத்தாளாம். பிறகு தானாகவே இந்தப் பக்கமிருந்து ஒருமுறை மெல்ல இழுத்துப் பார்த்தாளாம். அந்த இழுவையை அவள் எனக்குக் காட்டினாள். இரண்டு விரலால், காற்றில், மிக மெதுவாக.

சுற்றி இருந்தவர்கள் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

முப்பத்தோராம் நாள் அந்திரட்டி முடிந்ததும் அவளை என்னோடு கூட்டிக்கொண்டு போகத்தான் நினைத்தேன். விடுதி அறையை விட்டுவிட்டு ஒரு சின்ன வீடும் பார்த்திருந்தேன். அவள் மறுத்தாள். கையால் அல்ல, வாயால். "இல்லை" என்ற அந்தச் சொல் அவளிடம் இன்னும் இருந்தது. உடைந்து, மூக்கால் வந்தது. நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். தனியே இருக்கிற பெண், காது கேட்காது, யாரும் வந்தால் தெரியாது என்றெல்லாம் சொன்னேன். அவள் மெசினைக் காட்டினாள். அதன்மேல் அடுக்கியிருந்த துணிகளைக் காட்டினாள். தைப்பொங்கலுக்குக் கொடுக்க வேண்டியவை. பிறகு என் பையை எடுத்துக் கையில் தந்தாள்.

இப்போது வெள்ளிக்கிழமைகளில் நான்தான் அங்கே போகிறேன். அவள் படலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தைத்துக்கொண்டிருப்பாள். பின்னால் போய்த் தொட்டால் திடுக்கிட்டு ஊசியில் விரலைக் கொடுத்துவிடுவாள். அதனால் முற்றத்தைச் சுற்றிக்கொண்டு, வேலியோரமாகப் போய், அவளுடைய கண்ணுக்கு நேரே வந்து நிற்பேன். அவள் அந்தத் தையல் வரியை முடித்துவிட்டுத்தான் நிமிர்வாள். அதுவரை நான் வெயிலில் நிற்பேன்.